பத்தொன்பதாவது வேகன்

1. குழாயடியில் ஒரு ஜோடி

நாற்பத்திரண்டு வேகன்களுக்கும் சீல் வைத்தாகிவிட்டது. எஞ்சினும் மாட்டியாகிவிட்டது. கை கழுவலாம் என்று குழாயடிக்குப் போனேன். அங்கே ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கிடந்தது.

வேறு வேலையில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எங்கள் கூட்ஸ் ஷெட்டில் லோடு முடிந்தபிறகு ஒரு செருப்பு மிச்சமானால், ஓர் ஆள் குறைகிறார் என்று பொருள்.

செங்கல்பட்டுப் பக்கம் நெல் ஏற்றும் ஷெட் ஒன்றில் நான் பொறுப்பாளர். முதலில் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதினேன். பிறகு ஈரப்பதம் பார்க்கும் தர ஆய்வு. கடந்த சில வருடங்களாக ரேக் லோடிங், அதாவது ஒரு முழு கூட்ஸ் ரயிலுக்கும் மூட்டை ஏற்றுவது. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வேலையைப் பற்றி எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். மூட்டை அடுக்குவது, தார்ப்பாய் கட்டுவது எல்லாம் நடைமுறைப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத்தான் எழுத நினைக்கிறேன். நடந்து சில மாதங்கள் ஆகின்றன.

லோடுமேன்கள் நெல் மூட்டைமேல் செருப்புக் காலோடு ஏறமாட்டார்கள். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. மறந்துபோய் ஒருவர் ஏறினால் பக்கத்தில் இருப்பவரே காலைப் பிடித்து இறக்கிவிடுவார். வேகனுக்குள் நுழைகிறவர் கதவுக்கு நேர் கீழே பிளாட்பாரத்தில் செருப்பைக் கழற்றி விடுவார். கதவடியில் எத்தனை ஜோடியோ, உள்ளே அத்தனை பேர். கதவைச் சாத்துமுன் நான் குனிந்து கீழே பார்ப்பேன். செருப்பு இல்லையென்றால் "சாத்துங்க" என்பேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். ஒருநாளும் தப்பியதில்லை.

2. ரேக் வந்த காலை

நவரை அறுவடை நேரம். இந்த மாவட்டத்து நெல் முழுவதையும் அரைக்க இங்குள்ள ஆலைகள் போதாது. தெற்கே அனுப்பியாக வேண்டும். கொள்முதல் நிலையத்தில் வாங்கிய மூட்டைகள் லாரியில் ஏறினால்தான் அங்கே அடுத்த விவசாயியின் நெல்லை வைக்க இடம் கிடைக்கும். லாரி வந்து இறக்க ஷெட்டில் இடம் வேண்டும். ஷெட் காலியாக ரேக் வேண்டும். ரேக் ஒருநாள் தள்ளிப்போனால், திருக்கழுக்குன்றம் தாண்டி எங்கோ ஒரு களத்தில் தார்ப்பாய்க்கடியில் நெல் முளைவிட ஆரம்பிக்கும். நான் பார்க்கும் வேலை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

அந்த முறை ஐந்து நாட்களாக ரேக் இல்லை. கங்காதரன் என்ற விவசாயி தினமும் காலை ஏழு மணிக்குப் போன் செய்வார். என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்ததோ தெரியாது.

"மேடம், ரேக்கு வந்துச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"டோக்கன் வாங்கி பதினெட்டு நாளாச்சு. இங்க சென்டர்ல எடமே இல்லன்றாங்க. மூட்டைக்குப் பக்கத்துலயே படுத்துகினு கீறேன். கொசு என்ன தின்னுது, எலி நெல்ல தின்னுது."

ஆறாம் நாள் காலை காலி ரேக் வந்தது. பக்கத்து ஸ்டேஷனில் இன்னொரு காலி ரேக்கும் நின்றுகொண்டிருந்தது. எங்களுக்கு இருப்பது ஒரே லைன். இது கிளம்பினால்தான் அது உள்ளே வரும். ஷெட்டுக்கு வெளியே லாரிகள் ரோடு வளைவு வரை நின்றன. கடலில் காற்றழுத்தம் என்று முதல் நாளே டிவியில் சொல்லியிருந்தார்கள். மாமல்லபுரம் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. வெயிலே இல்லை.

லோடுமேன்களில் தணிகாசலம் என்று ஒருவர். வயது ஐம்பது இருக்கும். அன்று வரும்போதே எல்லார் கையிலும் சாக்லேட் திணித்தார்.

"பேத்தி பொறந்துகீது மேடம். ரெண்டு நாளா ஆஸ்பத்திரி வராண்டாவுல தான் குந்திகினு இருந்தேன். கண்ணே மூடல."

மேஸ்திரி ஏழுமலை உடனே கத்தினார். "டேய், தாத்தாவுக்கு மூட்டைய பாத்துத் தூக்கி வைங்கடா. ஒடம்பு தாங்காது."

"போ அண்ணாத்த. நீயி தாத்தாவாகி எட்டு வருசமாச்சு. நீ தூக்கல?"

"நான் எங்கடா தூக்குறேன்? நான் மேஸ்திரி."

சிரிப்போடு வேலை தொடங்கியது. ஏழுமலை குழுவுக்குப் பதினேழு முதல் இருபத்திரண்டு வரை ஆறு வேகன்கள். இரு முனைகளிலும் கூரையை எட்டும் அளவுக்கு மூட்டைகளை அடுக்குவார்கள். கதவுப் பக்கம் தாழ்வாக இருக்கும். மேலே முனையில் யாராவது படுத்திருந்தால் பிளாட்பாரத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்றுப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. லாரியிலிருந்து இறக்கிய மூட்டைகள் பிளாட்பாரத்தில் கிடந்தன. ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வேகன் வேகனாக ஓடினேன். கதவு திறந்திருந்தால் சாரல் உள்ளே அடிக்கும். நனைந்த மூட்டை மூடிய வேகனில் இரண்டு நாள் இருந்தால் புழுங்கிக் கறுத்துவிடும். அங்கே இறக்கும்போது மொத்த லோடையும் குறை சொல்வார்கள்.

பத்தொன்பதில் லோடு முடிந்திருந்தது. கீழே பார்த்தேன். செருப்பு இல்லை.

"சாத்துங்க" என்றேன்.

3. யாருடைய செருப்பு

மாலை நாலே முக்கால் மணிக்குக் குழாயடியில் அந்த நீலச் செருப்பைப் பார்த்தபோது, ஆட்கள் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"இது யாருது?" என்று கேட்டேன்.

பாபு என்ற லோடுமேன் திரும்பிப் பார்த்தார். "அட, என்னுது மேடம்" என்று சொல்லிவிட்டு, தன் காலைப் பார்த்தார். காலில் வேறொரு செருப்பு இருந்தது. "அப்ப என் காலுல கீறது எவன்துடா?"

மேஸ்திரி குனிந்து பாபுவின் காலைப் பார்த்தார். "வாரு அறுந்து கம்பி போட்டு முறுக்கிகீது பாரு. தணிகாவுது."

"சாப்புட்டு கை கழுவ வந்தப்ப என்னுத இங்கயே வுட்டுட்டேன்" என்றார் பாபு. "மழையில தார்ப்பாய் இழுக்க ஓடுனேன் மேடம். ஜல்லி காலுல குத்துச்சு. கதவாண்ட கெடந்தத மாட்டிகினு ஓடிட்டேன்."

"எந்தக் கதவு?"

பாபு தலையைச் சொறிந்தார். "மழையில எந்தக் கதவுன்னு எங்க பாத்தேன்?"

"தணிகாசலம் எங்க?"

"அவன் மதியமே ஆஸ்பத்திரிக்குப் பூட்டிருப்பான்" என்றார் மேஸ்திரி. "பேத்திய பாக்கணும்னு துடிச்சிகினு இருந்தான்."

"செருப்பு இல்லாமயா போனாரு?"

மேஸ்திரி தன் போனை எடுத்தார்.

தணிகாசலத்தின் போன் அணைந்திருந்தது. மேஸ்திரியிடம் அவர் மனைவியின் நம்பர் இருந்தது. நானே பேசினேன். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"இங்க வரலியே மேடம். அங்கதானே வேலையில கீறாரு?" என்றார் அவர்.

"சரிம்மா, பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அதற்குமேல் என்ன சொல்வது?

என் வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். மகள் மறைமலைநகரில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன் செய்ய வேண்டும். "ஏம்மா, பஸ்ல சீட்டு கிடைச்சதுக்கும் ஒரு போன் பண்ணட்டுமா?" என்பாள். அது வெறும் வீட்டுப் பயம் என்று எனக்கே தெரியும். அன்று வந்தது அந்தப் பயமா, நிஜமா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. கார்டு பச்சைக் கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்துகொண்டிருந்தார். நான் கூட்ஸ் கிளார்க் அறைக்கு ஓடினேன்.

"சார், வண்டியை நிறுத்துங்க. உள்ளே ஓர் ஆள் இருக்கலாம்."

கிளார்க் பொறுமையான மனிதர். "இருக்கலாமா, இருக்காரா மேடம்?"

"தெரியலை."

"எந்த வேகன்?"

"அதுவும் தெரியலை. ஆறில் ஒண்ணு."

"சீல் வெச்சு பேப்பர் எல்லாம் முடிஞ்சுது. இப்ப நிறுத்தினா மறுபடி எப்ப லைன் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. அடுத்த ரேக் இன்னிக்கு உள்ள வராது. வெளியில லாரிக்காரங்க உங்களைத்தான் பிடிச்சுக்குவாங்க. உள்ளே யாரும் இல்லைன்னா?"

வரிசையாக நிற்கும் லாரிகள் கண்முன் வந்தன. மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் கங்காதரனும் வந்தார். யாரும் இல்லையென்றால், ஒரு ஜோடி செருப்பைப் பார்த்து அத்தனை பேரையும் காக்க வைத்தவள் நான்தான்.

"எழுதித் தர்றேன் சார்" என்றேன்.

சீல்களை என் பொறுப்பில் உடைத்துச் சோதிக்கிறேன் என்று இரண்டு வரி எழுதினேன். அவர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் போனை எடுத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

4. ஆறு வேகன்கள்

மழை விட்டிருந்தது. மேஸ்திரி ஒரு கருங்கல்லை எடுத்துப் பதினேழாவது வேகனின் கதவில் தட்டினார். "டேய் தணிகா!" காதை இரும்பில் வைத்துக் கேட்டார். பதில் இல்லை. இருபத்திரண்டு வரை தட்டிக்கொண்டே போனார். எதிலிருந்தும் பதில் இல்லை. காற்றோட்டம் இல்லாத வேகன். மழையில் சாத்தி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

"தொறங்க. எல்லாத்தையும் தொறங்க."

பதினேழில் இரண்டு முனைகளிலும் ஏறி, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார்கள். இல்லை. பதினெட்டிலும் இல்லை. லாரி டிரைவர்கள் விஷயம் தெரிந்து கூடிவிட்டார்கள். சதுரங்கப்பட்டினத்து காதர் பாய் என்ற டிரைவர், "தள்ளுங்கப்பா, காத்து வரட்டும்" என்று கூட்டத்தை விலக்கிவிட்டார்.

பத்தொன்பதாவது வேகனின் சீலை உடைத்துக் கதவைத் தள்ளினார்கள். பாபு ஏறினார். ஏறுமுன் அந்தச் செருப்பைக் கழற்றிக் கீழே விட்டார். மேலே மூட்டைகளின்மீது தவழ்ந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"மேடம்" என்று பாபுவின் குரல் வந்தது. "கீறான்."

"கீறான்னா? எப்படி இருக்காரு?"

"கொறட்ட வுட்டுகினு கீறான்."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தணிகாசலம் கதவருகே வந்து கண்ணைக் கசக்கினார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது, தலையெல்லாம் நெல் தூசி. "இன்னா மேஸ்திரி, மழ வுட்டுடுச்சா? செத்த கண்ணசந்துட்டேன்."

மேஸ்திரி கையை ஓங்கினார். ஓங்கிய கையால் அவர் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டார். "வண்டி எங்க போவுதுன்னு தெரியுமாடா உனக்கு? திருநெல்வேலி. நாளன்னிக்குதான் கதவத் தொறந்திருப்பான்."

தணிகாசலம் கூட்டத்தைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. முகம் வெளுத்தது. இருந்தும் விடவில்லை. "பேத்திக்கு அல்வா வாங்கியாந்திருப்பேன்" என்றார். காதர் பாய் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். தணிகாசலம் முழு பாட்டிலையும் ஒரே மூச்சில் குடித்தார்.

நான் அவர் மனைவிக்குப் போன் செய்து கொடுத்தேன். "ஒண்ணுமில்ல, வேல லேட்டு, வரேன்" என்று மட்டும் அவர் சொன்னார்.

5. மறுநாள்

வண்டி ஐம்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. கிளார்க் சொன்னபடியே அடுத்த ரேக் மறுநாள் காலையில்தான் உள்ளே வந்தது. ஏழு மணிக்குக் கங்காதரன் போன் வந்தது. குரலில் சூடு இருந்தது.

"வண்டிய நீங்கதான் நிறுத்துனீங்களாமே? லாரிக்காரங்க சொல்றாங்க."

"ஆமாங்க. உள்ளே ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு."

"ஆளு நல்லா கீறாரா?"

"நல்லா இருக்காரு."

"அப்ப சரி. இத்தினி நாளு பாத்துகினேன். இன்னும் ஒரு நாளு பாத்துக்க மாட்டேனா" என்று வைத்துவிட்டார். மூன்றாம் நாள் அவர் நெல் எடைக்குப் போனது. ஈரப்பதம் சரியாக இருந்ததாக அவரே சொன்னார்.

மேலதிகாரிக்கு விளக்கம் எழுதினேன். பாபுமேல் பழி போடவில்லை. மழையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடுவது மனித சுபாவம். செருப்பைப் பார்த்தேன், உள்ளே ஏறிப் பார்க்கவில்லை, தவறு என்னுடையது என்று எழுதினேன். எச்சரிக்கையோடு விட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வழக்கம் நெடுநாள் தப்பாமல் வந்திருக்கிறது என்பது, அது இன்றும் தப்பாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மழை, ரேக், காத்திருக்கும் லாரி எல்லாம் அவசரம்தான். கதவைச் சாத்த ஆகும் நேரத்தோடு ஓர் ஆளை உள்ளே ஏற்றிப் பார்க்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள். சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்துங்கள். உள்ளே யாரும் இல்லாமல் போனால் வெட்கம்தான் மிஞ்சும். அது நாலு நாளில் போய்விடும்.

இப்போது எங்கள் ஷெட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு வேகனுக்கும் கதவைச் சாத்துமுன் குழுவின் பெயர்களைக் கூப்பிட வேண்டும். முதலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னா மேடம், இஸ்கூலு மாதிரி" என்று கூச்சப்பட்டார்கள். நோட்டை வாங்கிக்கொண்டவர் தணிகாசலம்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். படிக்கப் படிக்க ஒவ்வொருவரின் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பார். வெறும் குரல் மட்டும் வந்தால் ஏற்கமாட்டார், ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டும். மேஸ்திரியையும் அப்படித்தான் நிறுத்துவார்.

பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. அதையும் விடுவதில்லை. "தணிகாசலம்" என்று உரக்கக் கூப்பிடுவார். ஒரு நொடி நிறுத்தி, "கீறேன்" என்று தனக்குத்தானே பதில் சொல்லி, ஒரு டிக் போடுவார். அதற்குப் பிறகுதான் நான் "சாத்துங்க" என்று சொல்வது.