முதல் வாய் சோறு

சிங்கப்பூரில், கிளமெண்டியில் என் வீட்டு அடுப்படியில் ஓரம் நெளிந்த எவர்சில்வர் தட்டு ஒன்று இருக்கிறது. தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லி மருமகளுக்கு அலுத்துவிட்டது. அது என் அண்ணனுடைய தட்டு. சோற்றில் விஷம் கலந்திருக்கிறதென்று அவன் சுவரில் விட்டெறிந்த நாளில் நெளிந்தது.

எழுபதுகளில் நாங்கள் குவீன்ஸ்டவுனில் இருந்தோம். அப்பாவுக்குச் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. அண்ணன் படிப்பில் கெட்டி. தேசிய சேவை என்று கட்டாயமாகப் பட்டாளத்தில் இருந்து முடித்து வந்த வருஷம்தான் காதில் யாரோ பேசுகிறார்கள் என்றான். மனச்சிதைவு என்றார் டாக்டர். அந்தப் பேச்சையே அப்பா வீட்டில் எடுக்கவிடவில்லை, எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. யார் கேட்டாலும் அவன் பாலம் தாண்டி மலேசியாவில், ஜோகூரில் வேலை செய்கிறான் என்று கூசாமல் சொல்வார். விருந்தாளி வந்தால் அண்ணனை உள்ளறைக்குள் வைத்து, அம்மாவும் கூடவே அடைந்துகிடப்பாள். எனக்கு அப்பாமேல் பற்றிக்கொண்டு வரும்.

மாத்திரையை அண்ணன் துப்பிவிடுவான். அம்மா அதைப் பொடித்து ரசத்தில் கரைத்துச் சோறு பிசைந்து வைப்பாள். அவன் தட்டை அவள் பக்கம் தள்ளுவான்.

"நீ மொதல்ல சாப்பிடு."

ஆண்கள் சாப்பிடாமல் தட்டில் கை வைத்தறியாதவள், காய்ச்சலிலும் வெள்ளிக்கிழமை விரதத்தை விடாதவள், சாப்பிட்டாள். ஒரு வாய் அவனுக்குப் போதாது. இங்கே, அங்கே என்று விரலால் காட்டுவான். காட்டிய இடத்திலெல்லாம் எடுத்துத் தின்பாள். விரதம் ஏன் போனதென்று முருகனுக்குத் தெரியும் என்றுவிட்டாள். குரல்கள் அடங்கி அவன் சிரித்துப் பேசியதில் வீடே குளிர்ந்தது.

பிறகு அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. தேக்கா மார்க்கெட்டில் மீனைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கி வழிந்தாள். காலை இழுத்து இழுத்து நடந்தாள். அலைச்சல், வேறென்ன என்றுதான் நினைத்தோம். அண்ணனைக் காட்டப் போன இடத்தில், அந்தச் சீன டாக்டர் அம்மாவைத்தான் வெகுநேரம் பார்த்தார். என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சமையல் குறிப்பு சொல்வதுபோல் அவள் எல்லாவற்றையும் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இனி ஒரு வாய்கூடச் சாப்பிடக்கூடாது என்று அவர் கடிந்துகொண்டார்.

"நான் திங்கலன்னா அவன் திங்கமாட்டான். அதை எடுத்துச் சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னேன். டாக்டர் அண்ணனை மாதாமாதம் போடும் ஊசிக்கு மாற்றினார். அம்மாவின் நடுக்கம் மெல்லக் குறைந்தது. அண்ணனின் சந்தேகம் குறையவில்லை. கடைசிவரை முதல் வாய் அவளுடையதுதான்.

எண்பதுகளின் கடைசியில் நெஞ்சுவலியில் போய்விட்டாள். கருமாதியன்றுதான் அண்ணன் முதல்முறையாக உறவுக்காரர்கள் நடுவே கூடத்தில் உட்கார்ந்தான். ஜோகூரிலிருந்து எப்போது வந்தான் என்று கேட்டார்கள், மகராசிகள். படையல் முடிந்து அவன் தட்டில் சோறு போட்டோம். அவன் அதை மெதுவாக அம்மாவின் படத்துக்கு முன்னால் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் எடுக்கக் கை நீட்டினார். அண்ணன் தட்டை இழுத்துக்கொண்டான்.

"அம்மா இன்னும் சாப்பிடல."

அப்பா எல்லோர் முன்னாலும் உடைந்து அழுதார்.

இப்போது அண்ணன் என்னோடு இருக்கிறான், தலை முழுக்க நரைத்துவிட்டது. அதே தட்டில்தான் போடுகிறேன். என் பக்கம் தள்ளுகிறான். ஒரு வாய் எடுத்துச் சாப்பிடுகிறேன். இரண்டாவது வாய்க்குப் போகும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொள்கிறான், நடுங்குகிறதா என்று உற்றுப் பார்க்கிறான்.

"போதும். அம்மா மாதிரி நீயும் நெறைய சாப்பிட்டுடாதே."