பஞ்சுக்குச்சி அக்கா

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் ‘பஞ்சுக்குச்சி அக்கா’தான். பதினோரு வருடம் கண்ணாடிக் குழாய்களைக் கழுவியவள், பிறகு மாதிரி எடுக்கும் வேலைக்கு வந்தாள். கத்தி, மேசை, கை என்று எதைக் காட்டினாலும் நுனியில் பஞ்சு சுற்றிய குச்சியால் ஒரு தேய் தேய்த்து, சீசாவில் போட்டு மூடிக் கொண்டுவருவாள். அதில் கிருமி இருக்கிறதா என்று கூடத்தில் பார்ப்பார்கள். வீட்டையும் அவள் விட்டுவைக்கவில்லை. பேருந்து ஓட்டுகிற கணவரின் சாப்பாட்டு டப்பாவைத் தேய்த்துக்கொண்டு போனவள், மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு ஊரே குடியிருப்பதாக வந்து சொன்னாள்.

“டிக்கெட் வாங்குச்சா அதுங்க?” என்றார் அவர். ஆனாலும் மறுநாளிலிருந்து வளையத்தைத் தனியாகக் கழற்றித்தான் கழுவுகிறார்.

அந்த வருடம் ஒரு கீரைக் கொட்டகை கூடத்தின் ஆராய்ச்சிக்கு வந்தது. பதினாறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கொட்டகை. அங்கே கழுவி அடுக்கும் கீரையில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி அடிக்கடி தென்பட்டது. பாடுபட்டு விளைவித்தது வாரத்தில் இரண்டு நாள் அப்படியே எருக்குழிக்குப் போனது. ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். சோதித்ததில் தண்ணீர் சுத்தம். எருவும் நன்றாக மக்கியிருந்தது. மிச்சம் கொட்டகைதான்.

கொட்டகையின் பொறுப்பாளர் அம்மாள் அக்காவை வாசலிலேயே மறித்தார். “எங்க கை அழுக்குன்னு எழுதத்தானே வந்திருக்கீங்க?”

“உங்க கையோட என் கையையும் தேய்ச்சுக்கிறேம்மா. ரெண்டையும் பார்த்துடுவோம்.”

முடிவு வந்தது. பொறுப்பாளரின் கை பளிச். அக்காவின் கைதான் சுமார். கொட்டகையே வயிறு குலுங்கச் சிரித்தது. அதன்பிறகு அவளுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடைத்தது.

உட்கார்ந்து பார்த்ததில்தான் விஷயம் கண்ணில் பட்டது. பெட்டியை ஈரத் தரையில் வைத்துக் கீரையை நிரப்புகிறார்கள். நிரம்பியதும் தூக்கி இன்னொரு பெட்டியின் மேல் அடுக்குகிறார்கள். தரையில் இருந்த அடிப்பக்கம், கழுவிய கீரையின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. அவள் பெட்டிகளைக் கவிழ்த்துத் தேய்த்தாள்.

இரண்டு நாளில் டாக்டரம்மா ஓடிவந்தார். “கிருமி மாட்டிக்கிச்சு! அக்கா, இதை எங்க தேய்ச்சீங்க?”

“பெட்டிக்கு அடியில டாக்டரம்மா. மேல பார்த்து என்ன பண்ண?”

பெட்டி தரையில் படாமலிருக்கக் கொட்டகையில் பலகைகள் போட்டார்கள். ஒரு பாதியில் மட்டும், மறுபாதி பழையபடியே.

“நல்லதுன்னு தெரிஞ்சும் எதுக்கு இந்தப் பாதிக்குப் போடல?” என்று பொறுப்பாளர் கடிந்துகொண்டார்.

“ஒப்பிட்டுப் பார்த்தாதாம்மா மத்த கொட்டகைக்காரங்க நம்புவாங்க. அதுவரைக்கும் சோதிக்காம ஒரு கட்டுகூட வெளிய போகாது” என்றாள் அக்கா.

மூன்று மாதத்தில் ஐயத்துக்கு இடமில்லாமல் போனது. பலகை போட்ட பாதியிலிருந்து எருக்குழிக்கு வேரும் பழுத்த இலையும் மட்டுமே போயின. பிறகு கொட்டகை முழுவதும் பலகை வந்தது.

டாக்டரம்மா எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஆறாவது பெயர் அவளுடையது. மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடிப் பிடித்தார். “இவ்வளவு பொடி எழுத்துலயா போடுவாங்க?” என்று குறைபட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் காட்டக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது அக்கா மீன் சந்தைக்குப் போய்வருகிறாள். அங்கே இன்னும் யாரும் ஸ்டூல் போடவில்லை. “எங்க போயிடப் போகுது, வரும்” என்கிறாள், கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே.