காதுகுத்துக்கு ஒரு கேமரா: கப்பலூரிலிருந்து அலங்காநல்லூர் வரை

கப்பலூரில் வேலை பார்க்கும் எனக்குப் போன மாசியில் திடீரென்று கேமரா ஆசை வந்ததற்குக் காரணம் என் தங்கை மலர். அவள் மகள் யாழினிக்குப் பெயர் வைத்த அன்று எடுத்த படங்கள் எல்லாம் மலரின் போனில்தான் இருந்தன. போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்ததோடு படங்களும் போய்விட்டன.

"காதுகுத்தயாச்சும் ஒழுங்கா எடுத்துக் குடுண்ணே. குத்துற நேரத்துல அவ மொகம் ஒண்ணு இருந்தாப் போதும்" என்றாள். அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை கிளம்பினேன். "நானும் வாரேன்" என்றாள் என் மனைவி செல்வி. "ஒனக்கு எதுக்கு அலைச்சல்?" என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டேன். கப்பலூரிலிருந்து பெரியார் பேருந்து நிலையம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து கேமராக் கடைகள் இருக்கும் டவுன்ஹால் ரோட்டுக்கு நடந்தே போய்விடலாம். வெயில் ஏறுவதற்குள் போவது நல்லது.

கையில் முப்பதாயிரம் வைத்திருந்தேன். கடையில் பார்த்த புது மிரர்லெஸ் கேமரா அறுபதாயிரத்துக்கு மேல் போனதால் அதைத் தொட்டுப் பார்த்ததோடு சரி. மிஞ்சியவை இரண்டு: சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன கேமரா, லென்ஸோடு இருபத்து நாலாயிரத்துக்கு ஒரு பழைய, பெரிய டி.எஸ்.எல்.ஆர். கேமரா.

"வீட்ல வேற யாரும் எடுப்பாகளாண்ணே? அப்படின்னா இந்தச் சின்னதப் பாருங்க, லேசா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே, நான் மட்டுந்தான்."

பெரியதையே வாங்கினேன். படம் எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தத்துக்குத்தான் வாங்கினேன்.

மறுநாள் காதுகுத்து. அலங்காநல்லூருக்கு அருகில், மலரின் புகுந்த வீட்டுக் குலதெய்வக் கோயிலில். பெரியாரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அலங்காநல்லூர். அதற்கப்புறம் ஷேர் ஆட்டோ. செல்வியோடு போய் இறங்கியதும், கோயிலுக்கு வெளியே கட்டியிருந்த காளைகளையும் கரும்பு வயலையும் எடுத்துத் தள்ளினேன். இரவெல்லாம் வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. வெளிச்ச அளவு முதல் எல்லாவற்றையும் நானே திருகி வைக்கும் 'எம்' நிலையில்தான் எடுத்தேன். வெயிலில் படங்கள் அருமையாக வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மொட்டை அடித்து முடிந்தது. ஆசாரி ஊசியோடு மண்டபத்தில் உட்கார்ந்தார். நான் எதிரே முட்டி போட்டு, கேமராவைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மண்டபமே என்னைப் பார்த்தது.

"அங்க என்னண்ணே பண்ற? வந்து ஒக்காரு, மடியில வைக்கணும்ல" என்றாள் மலர்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்தத் தாய்மாமன் நான்தான். கேமரா வாங்க இம்புட்டு அலைந்தவனுக்கு இது மட்டும் நினைவில்லை.

கேமராவைச் செல்வி கையில் திணித்துவிட்டு உட்கார்ந்தேன். "எத அமுக்கணும்?" என்றாள். காட்டினேன். முதல் காது குத்தியாயிற்று, 'டக்' சத்தமும் கேட்டது. "ஏங்க, கருப்பா இருக்கு" என்றாள். வெயிலுக்கு வைத்த அளவு, மண்டப நிழலில் இருட்டாகிவிட்டது. மலரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"மேல உள்ளதப் பச்சைக்குத் திருப்பு" என்று கத்தினேன். பச்சை என்றால் எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும். நல்லவேளை, பிள்ளைக்கு இன்னொரு காது இருந்தது. செல்வி குனிந்து, "யாழிக்குட்டி" என்று கூப்பிட்டாள். 'டக்'.

படத்தில் யாழினி இமையில் ஒரு சொட்டுக் கண்ணீரோடு அத்தையைப் பார்த்துச் சிரிக்கிறாள். பின்னால் நான் கண்ணை இறுக மூடி, வாயைப் பிளந்திருக்கிறேன்.

"குத்துனது இவளுக்கா, ஒனக்காண்ணே?" என்று சிரித்த மலர், சிரித்துக்கொண்டே அழுதாள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பழைய கேமரா என்றால் மெமரி கார்டு கொண்டுபோய், வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். 'எம்' நிலையை விசேஷம் முடிந்த பிறகு பழகலாம். முக்கியமாக, உங்கள் வீட்டில் இன்னொருவர் கையிலும் கொடுத்துப் பாருங்கள். நல்ல நேரங்களில் நாம் கேமராவுக்கு முன்னால் இருக்க வேண்டியவர்கள்.

திரும்பும் பஸ்ஸில் கேமராவைக் கேட்டேன். செல்வி ஜன்னல் வழியாகக் கரும்பு வயலைக் குறிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மாமனா மட்டும் இருங்க" என்றாள். "படத்த நான் பாத்துக்கிறேன்."