பதினாறாம் நாள்

நெப்ராஸ்காவில் மாட்டிறைச்சி ஆலையில் கத்தி பிடித்தவரின் மகன் ஆர்வின் வன்சுரா. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவருடையது. சட்டம் படித்து, அரசு வக்கீலாகி, நாற்பத்தெட்டு வயதில் கூட்டாட்சி நீதிபதியானார். ஆயுளுக்கும் பதவி. பதவியேற்பு நாளில் அப்பா காதோடு கேட்டார்.

"இனிமே உன்னை எவனும் வேலையை விட்டுத் தூக்க முடியாதாடா?"

"முடியாதுப்பா."

"அப்போ நீ தப்புப் பண்ணினா எவன் கேப்பான்?"

மகன் சிரித்துவிட்டார்.

எட்டு வருடம் கழித்து லோரன் டைபர் வந்தான். போதை மாத்திரை விற்றவன். அதே விவகாரத்தில் மாநில நீதிமன்றம் ஏற்கெனவே ஒன்பது வருடம் போட்டிருந்தது. வன்சுரா பத்து வருடம் விதித்தார். இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்கட்டும் என்றுதான் நினைத்தார். தன் குறிப்புத்தாளில் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தார். வாய்தான் சொல்லவில்லை. நீதிபதி சொல்லாமல் விட்டால் ஒன்று முடிந்த பிறகே மற்றது தொடங்கும். வக்கீல்கள் யாரும் கவனிக்கவில்லை. திருத்துவதற்குப் பதினான்கு நாள் கெடு. குறிப்புத்தாள் அவர் கண்ணில் பட்டது பதினாறாம் நாள்.

"அவன் வக்கீலுக்காவது ஒரு வார்த்தை சொல்லிடலாமே ஐயா? அப்பீல் போவாரு" என்றாள் பெஞ்ச் கிளார்க் மெர்லா.

"எனக்கு அதிகாரம் போயிடுச்சு. கேஸ் கட்டை மூடு."

கட்டு மூடியது. லோரன் போகவில்லை. யாருக்குத் தண்டனை வாசித்தாலும் குற்றவாளி மேசையில் அவன் முகம்தான் தெரிந்தது. "ஏதாவது விட்டுட்டேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்.

"மூணு தடவை கேட்டாச்சு ஐயா. அந்த ஆளே சிறைக்குப் போனாப் போதும்னு நிக்கிறான்" என்பாள் மெர்லா.

பதினான்காம் வருடம் சிறையிலிருந்து மனு வந்தது, லோரனின் கையெழுத்தில். 'அன்னிக்கு நீங்க பார்த்த பார்வையில ரெண்டும் சேர்த்துத்தான்னு நெனச்சேன். தப்பா நெனச்சுட்டேனா?' தண்டனையைக் குறைக்க இப்போது புதுச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் நீதிமன்றப் பதிவில் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று அரசுத் தரப்பு எதிர்த்தது. அன்று மனதில் இருந்ததற்குச் சாட்சி வன்சுரா ஒருவர்தான்.

"கருணைன்னு நாலு வரி எழுதி நீங்களே விட்டுடுங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் மெர்லா.

"அப்பீல்ல நிக்காது, மெர்லா. அவன் மறுபடி உள்ள போவான்."

வழக்கை இன்னொரு நீதிபதிக்கு மாற்றிவிட்டு, அங்கி இல்லாமல், பென்சில் குறிப்போடு சாட்சிக் கூண்டில் ஏறினார். எழுபது வயது.

"தவறு உங்களுக்கு எப்போது தெரிந்தது?" என்றார் அரசு வக்கீல்.

"பதினாறாம் நாள்."

"யாரிடம் சொன்னீர்கள்?"

"என் கிளார்க்கைத் தவிர யார்கிட்டயும் சொல்லலை."

எழுதிக்கொண்டிருந்த நீதிபதியின் பேனா நின்றது. அன்றே விடுதலை உத்தரவு போட்டார். விலங்கைக் கழற்றியதும் லோரன் கூண்டருகே வந்தான்.

"நான் உள்ள போன வருஷம் என் பொண்ணு பொறந்தா. பத்து வயசுல பார்த்திருப்பேன். இப்ப பதினாலு. போன்ல என்னை 'சார்'னு கூப்பிடுறா."