என் சுவருக்குக் கிளை அலுவலகம் என்று பெயர்

நான் படம் வரைந்த அந்தச் சுவரை முதன்முதலில் பார்த்த அன்று என் மேலாளர் சொன்னது இதுதான்: "லீவுல இருக்கிற மாதிரி தெரியுது மேடம். பின்னாடி கம்பெனி படத்தைப் போட்டுக்கங்க."

வீடியோ கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அவர் இருந்தது சென்னையில். நான் இருந்தது அந்தமானில், ஜங்லிகாட்டில் எங்கள் வீட்டின் சின்ன அறையில். மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. சேர்ந்த நாளிலிருந்தே இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பழக்கம்தான். மழையில் நெட் போனால், "பீச்சுக்குப் போயிட்டீங்களா?" என்பார்கள். முதுகு வலிக்கிறது, ஒரு நாற்காலி அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, தீவுக்கெல்லாம் அனுப்ப வழியில்லை என்று பதில் வந்தது. கப்பலிலும் விமானத்திலும் இங்கே எதுதான் வரவில்லை?

'லீவில்' நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்து, பொருக்குப் பொருக்காக உரிந்துகொண்டிருந்த சுவர் அது. தகட்டால் சுரண்டி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்தேன். காய்வதற்கு வெயில் இல்லை. இருந்த ஒரே மின்விசிறியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நான் வியர்த்து ஒழுகியபடி கம்பெனி வேலையைப் பார்த்தேன். சுவரில் அலையாத்திக் காடு வரையலாம் என்று பெயிண்ட் கடைக்குப் போனால், "பச்சை கதம் ஆயிடுச்சு அக்கா. ஜஹாஜ் வந்தாத்தான் மால் வரும்" என்றார் கடைக்கார பாய். கப்பலுக்குக் காத்திராமல் மஞ்சளும் நீலமும் வாங்கி வந்து, துளி கருப்பு விட்டு நானே கலந்தேன். அலையாத்திக் காட்டின் பச்சை பளிச்சென்று இருக்காது. அதனால் அதுவே நல்லதாகப் போயிற்று.

சாக்பீஸால் கோடு போட்டு, வேரிலிருந்து மேலே வரைந்துகொண்டு போனேன். வளைந்து வளைந்து சேற்றில் ஊன்றிய வேர்கள், நடுவே நண்டு வளைகள். ஹேடோ துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த என் கணவர் நின்று பார்த்தார்.

"கடல் எங்கடி? எல்லாரும் அதைத்தானே நீலமா போடுவாங்க."

"தண்ணி வத்தின நேரம்ங்க. கடல் உள்ள போயிருக்கு."

"அச்சா. அப்ப சேத்து நாத்தம் மட்டும்தான் பாக்கி" என்று சொல்லிவிட்டு, நான் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

இந்தச் சுவரைத்தான் மறைக்கச் சொன்னார்கள். கம்பெனி படத்தைப் போட்டு மறைத்தேன். அதன் பிறகு கூட்டங்களில் என் தோளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கட்டடம் நின்றது. கையை அசைத்தால் பாதி விரல் காணாமல் போகும்.

பள்ளி விடுமுறையில் மேலாளர் குடும்பத்தோடு தீவைச் சுற்றிப் பார்க்க வந்தார். படகு டிக்கெட்டிலிருந்து கார் வரை என்னைத்தான் கேட்டார். விருந்தாளி ஆயிற்றே என்று எல்லாம் செய்துகொடுத்து, வீட்டுக்கு அழைத்து மீன் குழம்பும் ஊற்றினேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட, நெஜச் சுவரா? நெட்ல எடுத்த படம்னுல்ல நெனச்சேன்."

என் நாற்காலியில் உட்கார்ந்து, மனைவியைப் படம் எடுக்கச் சொன்னார்.

அவர்கள் ஊர் திரும்பியதும் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. என் மேசை, என் சுவர், நடுவில் அவர். கீழே, 'அந்தமானிலும் நமது கிளை அலுவலகம்.' சுவரை வரைந்தது எந்த டிசைனர் என்று யாரோ கேட்டிருந்தார்கள். 'எங்க டீம்தான்' என்று மேலாளர் பதில் போட்டிருந்தார்.

கணவரிடம் காட்டினேன். பெரிய இடத்தைப் பகைக்காதே என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டு தரம் படித்தார். "உக்கார ஒரு குர்சி குடுத்தாங்களா? கரண்டு பில் கட்டுறாங்களா? அப்புறம் எந்த ஆபீசு? நேரா கேட்டுரு."

மறுநாள் கூட்டத்தில் கண்ணாடிக் கட்டடத்தை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"மேடம், பேக்ரவுண்டு" என்றார் மேலாளர்.

"இருக்கட்டும் சார். கிளை ஆபீஸ்னு நீங்க போட்டது இதைத்தான். இது என் வீடு. சுவத்துல வரைஞ்சது நான். அந்தப் படத்தை எடுத்துருங்க."

மைக்கை அணைக்க மறந்த ஒருத்தி சிரித்தது கேட்டது.

"இதைத் தனியா பேசிக்கலாமே மேடம்."

"போட்டது எல்லாரும் பாக்கத்தானே சார்."

சாயங்காலத்துக்குள் படம் போய்விட்டது. மன்னிப்பு வரவில்லை. பல மாதம் என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இன்னொருவர் மூலமாகவே சொல்லி அனுப்பினார். ஆண்டு மதிப்பீட்டில், 'குழுவோடு ஒத்துப்போகப் பழக வேண்டும்' என்று எனக்கு எழுதினார். படித்தபோது கொதித்தது. இதை எழுதும்போதும் கொதிக்கத்தான் செய்கிறது. தன் வீட்டுச் சுவரைத் தன்னுடையது என்று ஒரு பெண் சொன்னால் அது ஒத்துப்போகாத குணமாம்.

வேலையை நான் விடவில்லை. பின்னணிப் படத்தைத்தான் அதன் பிறகு ஒருநாளும் போடவில்லை. போடச் சொல்லி அவரும் கேட்கவில்லை.