ஆவணக் கட்டிலிருந்து நான் உருவிய கடிதம்

என் மனைவியின் விசாவைக் கெடுத்தது வழக்கறிஞர் அல்ல. நான்தான்.

மூன்று வருடமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லத் துணிவதற்குக் காரணம், நீங்கள் எங்கள் சமயநல்லூர்ப் பக்கம் வரப்போவதில்லை என்ற நம்பிக்கைதான்.

மகேஸ்வரி நர்ஸ். கனடாவில் ஒரு மருத்துவமனை அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. விசா வேலைக்காக மதுரையில் ஒரு பெண் வழக்கறிஞரைப் பிடித்தோம். முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. சிரிக்கவே மாட்டார். கேள்வி மேல் கேள்வி கேட்பார். எங்கள் பக்கத்தில் தெரிந்தவர் மூலம் போனால்தான் எதுவும் நடக்கும். இவரோ யாருக்கும் தெரிந்தவர் இல்லை...

"நடுவுல ரெண்டு வருசம் வேலை இல்லையே, ஏன்?" என்று கேட்டார்.

பக்கவாதத்தில் விழுந்த என் அப்பாவைப் பார்த்துக்கொள்ள மகேஸ்வரி வேலையை விட்ட வருடங்கள் அவை. அவர் கண்மூடும்வரை மலமும் சிறுநீரும் அள்ளியவள் அவள்.

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். மறைக்க வேணாம்" என்றார் வழக்கறிஞர்.

எழுதிக் கொடுத்தேன். ஆனால் மனம் அரித்தது. தங்கள் குறையைத் தாங்களே யாராவது எழுதிக் கொடுப்பார்களா? முதலில் நிராகரிக்க வைத்து, பிறகு மேல்முறையீடு என்று நம்மை இழுத்தடிக்கப் பார்க்கிறாரோ? இன்னொன்றும் உண்டு... சொல்லிவிடுகிறேன். மருமகளை வேலையை விடவைத்த வீடு என்று என் கையெழுத்தோடு ஒரு தாள் கடல் தாண்டிப் போவது எனக்கு அவமானமாக இருந்தது.

சோழவந்தானில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் என் பெரியப்பா மகன் மேலாளர். "இதுக்குப் போயி வக்கீல்கிட்ட கெஞ்சுவியாடா தம்பி? நம்ம லெட்டர்பேடு எதுக்கு இருக்கு?" என்றான். அந்த இரண்டு வருடமும் மகேஸ்வரி அங்கே வேலை பார்த்ததாக ஒரு சான்றிதழ் தயாரானது.

வழக்கறிஞர் சரிபார்த்து அடுக்கிய ஆவணக் கட்டை ஸ்கேன் செய்து விசா அலுவலகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஜெராக்ஸ் கடையில் நின்றபடி என் கடிதத்தை உருவிவிட்டு அந்தச் சான்றிதழைச் செருகினேன். விண்ணப்பத்தில் வீட்டில் இருந்ததாக ஒரு பதில். இணைப்பில் வேலை பார்த்ததாக ஒரு தாள்! படித்தவன் செய்கிற காரியமா இது?

பொய் ஆவணம் என்று நிராகரித்தார்கள். ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

"இந்த சர்டிபிகேட்டை நான் வைக்கல. நீங்க அனுப்புன ஸ்கேன்லதான் வந்திருக்கு" என்றார் வழக்கறிஞர், என்னை மட்டும் பார்த்து.

"நீங்க குடுத்ததைத்தான் அனுப்புனேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

மகேஸ்வரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்து நின்றாள். வீடு வரும்வரை பேருந்தில் அழுதுகொண்டே வந்தாள்.

உருவிய கடிதத்தை நான் கிழிக்கவில்லை. பீரோவில் பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் வைத்தேன். சென்ற மாதம் பார்த்தபோது அது ரசீதுகளுக்கு மேலே இருந்தது. நானே மாற்றி வைத்தேனா? நினைவில்லை. அன்றிலிருந்து அவள் காபி கொடுக்கும்போதும் முகத்தைப் படிக்கப் பார்க்கிறேன். எதுவும் பிடிபடவில்லை.

நேற்று பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தாள். அவளும் நர்ஸ்தான், அவளுக்கும் வெளிநாட்டு விசா. "அந்த வக்கீல்கிட்டயே போகலாமாக்கா?" என்று கேட்டாள்.

மகேஸ்வரி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்க. நம்பிப் போகலாமா?"

அந்தக் கண்களில் இருந்தது வெறும் கேள்வியா, கடைசி வாய்ப்பா... எனக்குத் தெரியவில்லை.

"வேணாம்மா" என்றேன்.

மகேஸ்வரி தலையசைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.