பெல்ட் போட்டால்தான் வண்டி நகரும்

பாகூர் பக்கத்தில் எங்கள் தெருவில் பெரிய கார் இருப்பது செல்வகுமாரி வீட்டில் மட்டும்தான். எங்களுக்கு அவள் செல்வி. அதை ஓட்டுவதும் அவள்தான். அவள் புருஷன் சாமிநாதன் டிராக்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். இந்த வண்டியை மட்டும் தொடமாட்டார். "மிதிச்சா பாயுது, விட்டா கத்துது, எனக்கு வேணாம்பா" என்று சாவியை அவளிடமே கொடுத்துவிட்டார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டாள், மகராசி. கரும்பு வெட்டப்போன இடத்தில் ஒருவருக்குக் காலில் அடி, இன்னொருவருக்கு மூச்சுத்திணறல் என்றால் எங்கள் தெரு முதலில் அவளைத்தான் கூப்பிடும். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த வண்டிக்கும் எனக்கும் ஆகாது. நொட்டை சொல்கிற மாமியார் மாதிரி அது. ரோட்டில் போட்ட கோட்டைத் தாண்டினால் கத்தும், பின்னால் கோழி போனால் கத்தும், பெல்ட் போடாவிட்டால் ஊரையே கூட்டும். வண்டி சும்மா இருந்தாலும் செல்வி இருக்கமாட்டாள். எல்லோரும் பெல்ட் போட்ட பிறகுதான் எடுப்பாள்.

போன தை மாதம் என் மகள் தமிழரசிக்கு இடுப்புவலி கண்டது. தலைப்பிரசவம். மருமகன் திருவாண்டார்கோயில் கம்பெனியில் காலை ஷிப்டில் இருந்தான். செல்வியிடம் ஓடினேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வந்தாள். மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பக்கத்தில் நானும் ஏறினேன். வண்டி கத்த ஆரம்பித்தது. நிறைமாத வயிற்றில் யாராவது பட்டையைப் போட்டு இறுக்குவார்களா? பெல்ட்டை அவள் முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டினேன், என்னுடையதையும் அப்படியே. எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற வேலைதான். சத்தம் அடங்கிவிடும்.

கன்னியக்கோயிலில் கடலூர் ரோட்டைத் தொடுவதற்குள் செல்வி கண்ணாடியில் பார்த்துவிட்டாள். ஓரம் கட்டி, இறங்கிவந்து கதவைத் திறந்தாள்.

"இன்னாக்கா பண்ணி வச்சிருக்க?"

"புள்ள நசுங்கிடும்டி. வலியில துடிக்கிறா, நீ வண்டிய எடு."

"சரியா போட்டாத்தான் எடுப்பேன்."

"அடி பாவி, ரோட்டுலயே பெத்துக்க வச்சிடுவியா?"

இன்னும் என்னென்னவோ திட்டினேன். வாய்க்கொழுப்பு எனக்குக் கூடவே பிறந்தது. அவள் காதில் வாங்கவே இல்லை. கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில், தொடையோடு ஒட்டிப் படியவிட்டாள். மேல்பட்டையை மார்புக்கு நடுவில் கொண்டுவந்து வயிற்றின் ஓரமாக இறக்கினாள். "அழுத்துதாடி?" என்று கேட்டாள். தமிழரசி இல்லையென்று தலையாட்டினாள். என்னையும் ஒழுங்காகப் போடவைத்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தாள்.

கிருமாம்பாக்கத்தில் நின்றிருந்த பஸ்சுக்கு முன்னாலிருந்து ஒரு ஆள் போன் பேசிக்கொண்டே ரோட்டில் இறங்கினான். திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. செல்வியின் கால் போவதற்கு முன் வண்டியே பிரேக்கைப் பிடித்துக்கொண்டது. என் பக்கத்திலிருந்த வெந்நீர் பிளாஸ்க் பறந்துபோய் முன்பக்கம் மோதி நசுங்கியது. எங்களைப் பெல்ட் சீட்டோடு இழுத்துப் பிடித்தது. என் மகளின் வயிறு எதிலும் படவில்லை. அந்த ஆள் ஒரு முழம் தள்ளி நின்று முழித்தான். நான் பிளாஸ்க்கைப் பார்த்தேன், மகளைப் பார்த்தேன். மாமியார் என்று திட்டிய வண்டியை உட்கார்ந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நல்லா இருடி செல்வி. என் வயித்துல பால வார்த்த" என்றேன். "பெல்ட்ட இப்பிடிப் போடணும்னு உனக்கு யாரு சொன்னது? கார் விக்கிறவனா?"

செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"எங்க தமிழ்க்குமரனுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு வயித்துல இருந்துச்சுக்கா. எட்டு மாசம். மடுகரையில எங்கம்மா வூட்லருந்து வேன்ல போனோம். முன்சீட்ல பெல்ட் இருந்துச்சு. புள்ளைக்கு ஆவாதுன்னு எங்கம்மாதான் எடுத்து ஓரமா வுட்டுச்சு. வழியில வேன்காரன் திடீர்னு பிரேக் போட்டான், வயிறு போயி முன்னாடி இடிச்சிடுச்சு. எப்பிடிப் போட்டிருக்கணும்னு அப்பால டாக்டரம்மா சொல்லிக் காமிச்சாங்க. இருந்திருந்தா நம்ம தமிழரசி வயசு."

இத்தனை வருஷம் பக்கத்து வீடு, எனக்குத் தெரியாது. அவள் மகன் தமிழ்க்குமரன்தான் மூத்தவன் என்று நினைத்திருந்தேன். அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

துணியில் சுற்றிய குழந்தையோடு நர்ஸ் வெளியே வந்தாள்.

"பொண்ணு பொறந்திருக்கு. தமிழரசியோட அம்மா யாரு?"

செல்வியின் கையைப் பிடித்து எழுப்பினேன்.

"நாங்க ரெண்டு பேரும்தான்மா" என்றேன்.